நாற்பது நம்பர் ஆயில்

நாம் சேர்ந்து படித்த பள்ளிக்கூடத்து மலருக்கு மகிழ்ச்சியான நினைவு ஒன்று எழுதித் தரச் சொன்னீர்கள். என் கையில் இருப்பது அப்படிப்பட்டது இல்லை. போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். ஆனால் முழுதாகப் படித்துவிட்டுக் கிழியுங்கள். நாற்பது வருடம் ஆசிரியராக இருந்தவள் கேட்கிறேன், அந்த மரியாதையாவது கொடுங்கள்.

போன மாதம் என் சித்தப்பா செத்துப்போனார். நம் வாட்ஸாப் குழுவில் அதை ஒருவர் எப்படி அறிவித்தார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "மோட்டாரைக் கெடுத்தவர் காலமானார்." அவ்வளவுதான். கீழே வரிசையாகக் கும்பிடு போட்டீர்கள். இரண்டு பேர் சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தீர்கள். யார் யார் என்று நான் குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் சொல்லப்போவதில்லை. உங்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது.

நம் பிள்ளைகளுக்கு இது எதுவும் தெரியாது என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நம் ஊருக்கும், ஆற்றின் நடுவில் தீவு போலக் கிடக்கும் திட்டுக்கும் இடையில் கொள்ளிடம். வருடத்தில் பெரும்பாலான நாள் மணலில் நடந்தே திட்டுக்குப் போய்விடலாம், உள்ளங்கால் வெந்துபோகும், அவ்வளவுதான். மேலணையில் தண்ணீரைத் திறந்துவிட்டால் ஓடம் இல்லாமல் போக முடியாது. திட்டில் இருந்த நிலம் மிராசுதாருடையது. நம் அப்பாக்களும் என் சித்தப்பாவுமாகப் பதினாறு பேர் அதில் வாழையும் கரும்பும் பள்ளத்தில் நெல்லும் போட்டுக் குத்தகை அளந்துகொண்டிருந்தார்கள். ஓடமும் மிராசுதாருடையதுதான். அவருடைய ஆட்கள் பலகையில் உட்கார்ந்து வருவார்கள். நம்மவர்கள் பின்பக்கம் நின்றுகொண்டு வரவேண்டும். யார் மீதாவது அவருக்குக் கோபம் என்றால் அந்த வீட்டு ஆளை ஓடக்காரர் ஏற்றமாட்டார். உங்களில் ஒருவருடைய அப்பா வெட்டிவைத்த வாழைத்தார், வெள்ளம் வடிகிற வரைக்கும் திட்டிலேயே கிடந்து அழுகியது. அந்த வாடை காற்றடிக்கும்போது இக்கரைக்கு வந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் மோட்டார் வந்தது. கழகத்து ஆட்சி. குத்தகைக்காரர்களுக்குச் சங்கம் வைத்தால் அரசாங்கம் படகு தரும் என்றார்கள். சங்கம் வைத்தோம். மந்திரி வரவில்லை, மந்திரிக்குப் பதிலாக ஒருவர் வந்தார். கரையெல்லாம் தோரணம். அகலமான பலகைப் படகு ஒன்று, அதன் பின்னால் மாட்டுகிற மோட்டார் ஒன்று, நீல மூடி போட்டது, கயிற்றைச் சுண்டி இழுத்தால் கிளம்பும். நாமெல்லாம் வரிசையில் நின்று அதன் மூடியைத் தொட்டுப் பார்த்தோம். ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை ஆறு கொடுத்தார்கள். அவை சங்கத் தலைவர் வீட்டில் தலையணையாகப் போய்ச் சேர்ந்தன. தலைவர் என்றால் என் அப்பாதான். அந்தச் சட்டை ஒன்றில் தலைவைத்துத்தான் நான் தூங்கினேன், கடைசியில் அது பஞ்சுபஞ்சாகப் பிரிந்துபோனது.

மோட்டாரை ஓட்ட சித்தப்பாவை நாகப்பட்டினத்துக்கு அனுப்பிப் பத்து நாள் பழக்கினார்கள். அப்பாவின் ஒரே தம்பி அவர். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர், கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பயிற்சி முடிந்து வந்த அன்று சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"அண்ணே, இது நம்ம பம்புசெட்டு இன்ஜின் மாதிரி இல்ல. இதுக்குத் தனியா ஆயில் ஊத்த எடமே கெடையாது. பெட்ரோல்லயே கலந்து வுடணும். அதுவும் முப்பது நம்பர், அதுக்குன்னு தனியா வர்ற ஆயிலுதான். நாப்பது நம்பர் போடவே கூடாதுன்னாங்க."

"ஏன் கூடாதாம்?"

"அது கெட்டி. பெட்ரோலோட சேராது. அடியில போயி தங்கிடுமாம்."

அப்பா ரசத்தை உறிஞ்சிவிட்டு எழுந்துவிட்டார்.

அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மிராசுதாரின் பம்புசெட்டை அவர்தான் பதினைந்து வருடம் ஓட்டினார். சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டு இன்ஜின் நின்றாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். ஆயிலை விரலில் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தே நல்லது கெட்டது சொல்வார். இன்ஜின் புகைகிறதா, கெட்டி ஆயில் ஊற்று. கோடையில் நாள் முழுக்க இறைக்க வேண்டுமா, இன்னும் கெட்டியாக ஊற்று. பம்புசெட்டுக்கு அது சரி. வயல் நடுவில் கொட்டகைக்குள் ஒரே சீராக டொக்கு டொக்கு என்று ஓடுகிற இன்ஜினுக்கு அது சரிதான். அந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு உலகத்து இன்ஜினுக்கெல்லாம் அவர் வைத்தியம் பார்த்தார்.

சித்தப்பா வாங்கி வந்த முப்பது நம்பர் ஆயிலையும் தேய்த்துப் பார்த்தார். "தண்ணியா இருக்குடா. ரேஷன் மண்ணெண்ணெய் மாதிரி இதுலயும் கை வச்சிருக்கானுவோ" என்றார். சித்தப்பா சிரித்துக்கொண்டே அலுமினிய டம்ளரில் ஆணியால் கீறியிருந்த கோடு வரைக்கும் ஆயிலை அளந்து, பெட்ரோல் கேனில் ஊற்றி, மூடியை இறுக்கி, கேனை இரண்டு கையாலும் பிடித்து நெடுநேரம் குலுக்குவார். பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்த அந்த மணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த ஒரு பருவம் முழுக்க மோட்டார் நிற்கவே இல்லை. நம் அம்மாக்கள் முதல் முறையாகப் பலகையில் உட்கார்ந்து ஆற்றைக் கடந்தார்கள். மிராசுதாரின் ஓடம் கரையில் கட்டிக் கிடந்தது.

மறு வருடம் ஆடி மாதம். நிலத்தில் யார் பயிர் செய்கிறார்களோ அவர்கள் பெயரைக் குத்தகைக்காரர் என்று பதிவு செய்யச் சட்டம் வந்திருந்தது. நம் பதினாறு பேரும் மனுக் கொடுத்திருந்தார்கள். மிராசுதார், குத்தகைக்காரன் என்று யாருமே இல்லை, எல்லாம் சொந்தச் சாகுபடி, கூலி ஆட்கள் வந்து போகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தார். தாலுகாவிலிருந்து அதிகாரி ஒருவர் திட்டுக்கே வந்து பார்ப்பதாக நாள் குறித்தார். காலை பத்து மணிக்கு அவரவர் நிலத்தில் அவரவர் நிற்க வேண்டும். நின்றால் பெயர் ஏறும். நிற்காவிட்டால் மிராசுதார் சொன்னதுதான் எழுத்து.

சரியாக அந்த வாரம் பார்த்து மேலணையில் தண்ணீர் திறந்தார்கள். வெள்ளம் வருகிறது, திட்டை விட்டு இறங்குங்கள் என்று தமுக்கடித்தார்கள். எல்லோரும் ஆடுமாட்டோடு இக்கரைக்கு வந்துவிட்டோம். அதிகாரி மிராசுதாரின் பெரிய ஓடத்தில் மேலே இருக்கிற துறையிலிருந்து வருவார் என்று தெரிந்தது. நம்மவர்களுக்கு மோட்டார் படகு. எந்த வெள்ளத்திலும் அது அரை மணியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

முந்தின நாள் காலையில் ஆயில் டப்பா காலி. சித்தப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு திருக்காட்டுப்பள்ளிக்குப் போனார். அங்கே கிடைக்கவில்லை என்று திருவையாறு போய்விட்டார். மத்தியானம் ஆகியும் ஆளைக் காணோம். அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சங்கக் கொட்டகைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பம்புசெட் வேலைக்கென்று அவர் வைத்திருந்த நாற்பது நம்பர் ஆயில் டின் மூலையில் இருந்தது.

"புனலப் புடி பாப்பா" என்றார்.

எனக்குப் பத்து வயது. சித்தப்பா சோறு பிசைந்தபடி சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். "நாப்பது நம்பர் போடக் கூடாதுன்னு சித்தப்பா சொன்னாங்கப்பா" என்றேன்.

"நாளைக்குப் பதினாறு ஆளு, எதுத்தாப்புல வெள்ளம். தண்ணி ஆயில ஊத்துனா இன்ஜின் தாங்குமா? ஒங்க சித்தப்பன் பத்து நாளு படிச்சவன். நான் பதினஞ்சு வருசம் பாத்தவன். புடி."

பிடித்தேன். கறுப்பு வெல்லப்பாகு போல ஆயில் இறங்கியது. டம்ளர் கோட்டுக்கு இரண்டு மடங்கு ஊற்றினார். கேனை நாலு ஆட்டு ஆட்டிவிட்டு வைத்துவிட்டார்.

பொழுது சாய்கிற நேரத்தில் சித்தப்பா வந்தார். சைக்கிள் டயர் வெடித்து, வழியில் மிராசுதாரின் டிராக்டர் டிரைவர் சைக்கிளோடு ஏற்றிக்கொண்டு வந்து ஊர் முனையில் இறக்கிவிட்டிருந்தார். கையில் புது ஆயில் டப்பா. அப்பா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"இனிமே எதுக்குடா? பழைய டப்பாவுல அடியில கொஞ்சம் கெடந்துது. நானே கலந்து வச்சிட்டேன்."

"காலியாத்தானே இருந்துச்சு அண்ணே?"

"கவுத்து வச்சா வடியாதா?"

சித்தப்பா கொட்டகைக்குப் போய்க் கேன் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். நான் பின்னாலேயே போனேன், அப்பாவும் வந்து வாசற்படியில் நின்றார். சித்தப்பா என்னிடம் கேட்டார்: "பாப்பா, நீ கூட இருந்தியா? எந்த ஆயிலு?"

அப்பா என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை, சும்மாதான் பார்த்தார். "பழைய டப்பாதான் சித்தப்பா" என்றேன்.

சித்தப்பா மூடியை மூடிவிட்டார்.

மறுநாள் காலை நாமெல்லாம் கரையில் நின்றோம், நினைவிருக்கிறதா? வெள்ளம் செம்மண் நிறத்தில் நாணற்புதரை மூழ்கடித்துக்கொண்டு போனது. அப்பாவும் சித்தப்பாவும் உட்படப் பதினாறு பேரும் வெள்ளை வேட்டி கட்டிக் கல்யாணத்துக்குப் போவதுபோல் போனார்கள். மோட்டார் கிளம்பியதும் அப்படியொரு புகை. உங்களில் ஒருவன், "படகு சுருட்டுக் குடிக்குது" என்றான், எல்லோரும் சிரித்தோம். நான் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் புகை நின்றுவிட்டது. மோட்டார் சத்தமும் நன்றாக, கூர்மையாகக் கேட்டது. எனக்கு உயிர் வந்தது. அப்பா சொன்னதுதான் சரி போல என்று நினைத்தேன். நட்டாற்றில் கிரீச்சென்று ஒரு சத்தம். அதன்பிறகு தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

இரண்டு துடுப்பு இருந்தது. அந்த வெள்ளத்துக்கு அது அகப்பை. படகு பக்கவாட்டில் திரும்பியது, கிழக்கே போனது, வளைவில் மறைந்தது. நம் அம்மாக்கள் கரையோடு ஓடினார்கள். மூன்று மைல் தள்ளி ஒரு புதர் மேட்டில் படகு மாட்டிக்கொண்டது. யாரும் சாகவில்லை. சாயங்காலம் பரிசல் வைத்துக் கூட்டி வந்தார்கள். அதற்குள் அதிகாரி திட்டில் ஒரு சுற்று சுற்றி, மிராசுதாரின் ஆட்கள் வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்து, "குத்தகைதாரர் எவரும் நிலத்தில் இல்லை" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவே வேண்டாம் என்று மறுநாள் காலையில் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். சித்தப்பா எல்லோர் முன்னாலும் மோட்டாரைப் பிரித்தார். பிஸ்டன் உருளைக்குள் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. "ஆயில் சேராத பெட்ரோல்ல ஓடியிருக்கு" என்று மட்டும் சொன்னார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார்.

ஒருவர் கேட்டார்: "ஆயில் கலக்குறது யாரு வேல?"

அப்பா சொன்னார்: "டிரைவர் வேல. நான் என்னத்தக் கண்டேன்?"

கூட்டத்தில் ஒரு முனகல். உங்களில் ஒருவருடைய பெரியப்பா எழுந்தார். "முந்தாநேத்து சாயங்காலம் இவன் மிராசுதார் டிராக்டர்லேர்ந்து எறங்குனத நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் பேசுறேன்."

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. எவ்வளவு வாங்கினாய் என்று ஒருவர் சட்டையைப் பிடித்தார். சித்தப்பா பேசவே இல்லை. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, அப்பாதாம்மா ஊத்துனாங்க. நான்தான் புனல் புடிச்சேன்."

அம்மா குனிந்து என் வாயில் கையை வைத்தாள். "ஒங்கப்பா பேரு கெட்டா சங்கம் ஒடஞ்சிரும். கேசு போயிரும். வாய மூடு" என்றாள். சங்கத்தைப் பற்றி அம்மா அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. பயந்தது புருஷனுக்காக என்று எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் புரிந்தது.

சித்தப்பா அன்று மத்தியானமே ஒரு துணிப்பையோடு கிளம்பிவிட்டார். எங்கள் வீட்டில் அவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடற்கரையில் ஒரு முஸ்லிம் பெரியவரின் படகு ரிப்பேர் கடையில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு தகவல் வந்தது. ஊரில் அதையும், "மிராசுதார் காசுல கடை போட்டுட்டான்" என்று பேசிக்கொண்டோம்.

கேஸ் எட்டு வருடம் இழுத்தது. இடையில் ஆட்சி மாறியது. படகுக்கு வேறு வண்ணம் அடித்தார்கள், மோட்டார் மட்டும் கடைசிவரை ஓடவில்லை, அதன் நீல மூடியில் யாரோ கோழிக்குத் தண்ணீர் வைத்தார்கள். முடிவில் ராஜி. திட்டில் நல்ல பாதியை மிராசுதார் வைத்துக்கொண்டு மேட்டுப் பாதியைக் கொடுத்தார். பதினாறு பங்காகப் பிரிக்க வேண்டியதைப் பதினைந்தாகத்தான் பிரித்தோம். துரோகிக்கு எதற்குப் பங்கு? சித்தப்பாவின் பங்கும் சேர்ந்த அந்த நிலத்து வாழையில்தான் நீங்கள் வீடு கட்டினீர்கள், நான் டீச்சர் டிரெயினிங் படித்தேன். மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்.

அப்பா நன்றாக வாழ்ந்து செத்தார். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. ஊர் நுழைவில் பெரிய பேனர், "திட்டை மீட்டுத் தந்த தலைவரே" என்று. என் தம்பி அந்த வருடம் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நிற்பதாக இருந்தான். சித்தப்பா வந்தார். தலை முழுக்க வெள்ளை, கட்டைவிரல் நகத்தில் கிரீஸ் கறுப்பு. பாடையைத் தூக்கப் பக்கத்தில் போனார். உங்களில் ஒருவர்தான் குறுக்கே கை வைத்து, "நீங்க தோள் குடுக்க வேணாம்" என்றீர்கள். மரியாதையாகத்தான் சொன்னீர்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் நடந்தார்.

பஸ் நிறுத்தத்தில் போய் அவரைப் பிடித்தேன்.

"சித்தப்பா, அன்னிக்கி நான் பொய் சொன்னேன்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அப்பவே. மோந்து பாத்தேன்ல? நாப்பது நம்பர் வாடை எனக்குத் தெரியாதா? கீழ ஊத்திட்டு, வாங்கியாந்தத கலந்திருக்கலாம். அண்ணன் வாசல்ல நிக்கிறாரு. அப்புடிச் செஞ்சா அவரோட ஒன்னயும் பொய்க்காரின்னு ஆக்கணும். ஒருவாட்டிதானே, ஓடிரும்னு நெனச்சிட்டேன். ஓடல. அதான் கூட்டத்துல பேச வாய் வரல. எம்மேலயும் தப்பு இருக்கே."

"புகை நின்னப்ப நல்லா ஓடுதுன்னு நெனச்சேன்."

"அடியில தங்குன ஆயிலு மொதல்ல புகைஞ்சி தீந்துச்சு. அதுக்கப்பறம் வெறும் பெட்ரோலு. காஞ்சி ஓடுச்சு, புடிச்சிக்கிச்சு." இத்தனை வருடம் கழித்தும் அவர் அதைக் கையால் காட்டி விளக்கினார்.

"இப்ப எல்லார்கிட்டயும் சொல்லிடவா சித்தப்பா?"

வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன். பெரிய மனுஷர்கள் அப்படித்தானே சொல்வார்கள். அவர் சொல்லவில்லை.

"சொல்லு பாப்பா. நான் பணம் வாங்கலன்னு யாராச்சும் ஒருத்தர் சொன்னா நல்லாருக்கும்."

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊரே வரும், அப்போது சொல்கிறேன், நீங்களும் வாருங்கள் என்றேன்.

வந்தார். புது வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. பந்தலில் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நீங்களெல்லாம் இருந்தீர்கள். ஒவ்வொருவராக எழுந்து அப்பாவின் பெருமையைப் பேசினீர்கள். "மவளும் ரெண்டு வார்த்த பேசட்டும்" என்று யாரோ சொன்னார்கள். நான் எழுந்தேன். சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். தம்பி என்னைப் பார்த்தான், பேனரில் அப்பா இருந்தார், நீங்கள் அத்தனை பேரும் இருந்தீர்கள். "எங்கப்பா எங்களை நல்லா படிக்க வச்சாங்க" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். தம்பிக்காக, ஊர் ஒற்றுமைக்காக என்றெல்லாம் பிறகு காரணம் சேர்த்துக்கொண்டேன். உண்மையில் தைரியம் இல்லை. பத்து வயதில் என் வாயை அம்மா பொத்தினாள். அன்றைக்கு ஒருவரும் பொத்தவில்லை.

சாப்பாடு நடந்தது. சித்தப்பா பந்திக்கு வரவில்லை, அந்த நாற்காலியிலேயே இருந்தார். இன்னும் சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. வந்தவர்கள் போனார்கள், இலை எடுத்தார்கள், விளக்கை அவிழ்த்தார்கள். நான் அடுக்களையிலிருந்து வெளியே வராமல் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பந்தல்காரர் வந்து, "பெரியவரே, சேர எடுக்கணும்" என்று கேட்டார். சித்தப்பா எழுந்து நாற்காலியை மடக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுக்களை வாசலுக்கு வந்து, "வரேன் பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.